கிரீன்ஹாம் காமன்: ஏவுகணைகளை அனுப்பியது ஒப்பந்தமா, வேலியோரம் இருந்த பெண்களா?

கென்னட்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை, நாம் வாழும் ஊரின் வரலாற்றைத் தமிழில் சொல்கிறோம். அடுத்த மாதம் என் முறை. நான் இருப்பது இங்கிலாந்தின் நியூபரியில். பக்கத்திலேயே கிரீன்ஹாம் காமன் இருக்கிறது, அதைத்தான் சொல்லப் போகிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். அதற்குத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1979 டிசம்பரில் நேட்டோ நாடுகள் மேற்கு ஐரோப்பாவில் அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்த முடிவு செய்தன. அதில் 96 குரூஸ் ஏவுகணைகள் கிரீன்ஹாம் விமானத் தளத்துக்கு என்று ஒதுக்கப்பட்டன. 1981 ஆகஸ்ட் 27 அன்று வேல்ஸின் கார்டிஃபிலிருந்து ஒரு சிறு கூட்டம் நடக்கத் தொடங்கியது. பெண்கள் 36 பேர், கூட நான்கைந்து ஆண்கள், சில குழந்தைகள். ஏறக்குறைய 120 மைல். செப்டம்பர் 5 அன்று தளத்தின் வாசலை அடைந்து, நான்கு பெண்கள் தங்களைச் சங்கிலியால் வேலியோடு பூட்டிக்கொண்டார்கள். கேட்டது ஒன்றுதான்: இந்த ஏவுகணைகளைப் பற்றி அரசாங்கம் தொலைக்காட்சியில் எங்களோடு விவாதிக்க வேண்டும். அது நடக்கவில்லை. அதனால் அங்கேயே தங்கிவிட்டார்கள். 2000 செப்டம்பர் வரை, மொத்தம் 19 வருஷம் அந்த முகாம் இருந்தது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், முகாம் மட்டும் போகவில்லை.

முகாம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கிளைகளை வளைத்து மண்ணில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திய குடில்கள். நடுவில் நெருப்பு. தளத்தின் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிறத்தைப் பெயராக வைத்தார்கள்: மஞ்சள் வாசல், பச்சை வாசல், நீல வாசல், செம்மஞ்சள் வாசல் என்று. அமீனாக்கள் வந்து எல்லாவற்றையும் பிய்த்து லாரியில் ஏற்றுவார்கள். லாரி போனதும் மறுபடி கட்டுவார்கள். மழையிலும் பனியிலும் வருஷக்கணக்கில் இதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் சமையலறை ஜன்னலில் விரல் நீளத்துக்கு ஒரு வேலிக் கம்பி கிடக்கும். 1982 டிசம்பர் 12 அன்று 9 மைல் வேலியைச் சுற்றி 30,000 பெண்கள் கைகோத்து நின்றார்களே, அதில் அவரும் நின்றார். பிள்ளைகளின் சட்டை, புகைப்படம், பொம்மை என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வேலியில் கட்டினார்களாம். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது. "ஊரைக் குப்பையாக்கினார்கள். ஏவுகணையை எடுத்தது அமெரிக்காவின் ரேகனும் சோவியத்தின் கோர்பச்சேவும்" என்பார். இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை.

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: கடைசியில் ஏவுகணைகளை அனுப்பியது யார்? என்ன சொல்லட்டும்?

---

நாங்குநேரி எழுதியது:

அக்கா, உங்கள் எதிர்வீட்டுத் தாத்தா பக்கம்தான் நான். தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே தெரியும். இரு தரப்புமே இந்த வகை ஏவுகணையை அடியோடு விட்டுவிடலாம் என்று ரேகன் சொன்னது 1981 நவம்பரில். அப்போது முகாமுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. சோவியத் ஒப்புக்கொள்ளவில்லை. 30,000 பேர் கைகோத்தும் என்ன ஆனது? 1983 நவம்பர் 14 அன்று முதல் ஏவுகணைகள் வந்து இறங்கிவிட்டன. அதே மாதம் சோவியத் தரப்பு ஜெனீவாவில் பேச்சுவார்த்தையை விட்டு எழுந்து போனது. 1985இல் கோர்பச்சேவ் வந்தார், 1986 அக்டோபரில் ரெய்க்யாவிக் சந்திப்பு, 1987 டிசம்பர் 8 அன்று இந்த வகை ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் இருவரும் வாஷிங்டனில் கையெழுத்து. இரு நாடுகளும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. கிரீன்ஹாமிலிருந்து கடைசி ஏவுகணை கிளம்பியது 1991 மார்ச்சில்.

இதில் முகாம் எங்கே வருகிறது? அவர்கள் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் நல்லவர்கள் நின்றார்கள், ஏவுகணை போய்விட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னால், நாளைக்கு அவர்களும் எங்கோ போய் நிற்பார்கள், ஒன்றும் நகராது, அன்றைக்கு உடைந்துபோவார்கள். பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

---

வழக்குக்கட்டு எழுதியது:

நாங்குநேரி சொன்ன தேதிகள் சரி. ஆனால் 1985க்கும் 1990க்கும் நடுவில் நடந்த ஒரு விஷயம் அதில் இல்லை. எனக்கு இந்த முகாமிலேயே பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கிரீன்ஹாம் என்பது பெயரிலேயே காமன், அதாவது பொதுநிலம். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சாக அதுவே இல்லை, அங்கே நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். ஆனால் சுற்றியுள்ள சில வீட்டாருக்கு அங்கே மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் பரம்பரை உரிமை உண்டு. 1941இல் உலகப் போருக்காக அந்த நிலத்தை எடுத்து விமானத் தளம் கட்டினார்கள். போர் முடிந்தும் முழுதாகத் திரும்பவில்லை, 1951இல் அமெரிக்க விமானப் படை வந்தது.

பெண்கள் ஓயாமல் உள்ளே நுழைந்துகொண்டே இருந்ததால், 1985இல் பாதுகாப்பு அமைச்சர் துணைவிதிகள் போட்டார். அனுமதியில்லாமல் தளத்துக்குள் வந்தால் குற்றம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அதிகாரம் 1892ஆம் வருஷத்து ராணுவ நிலச் சட்டத்திலிருந்து. அந்தப் பழைய சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது: இப்படிப் போடும் விதி எந்தப் பொதுநில உரிமையையும் பாதிக்கக் கூடாது. மேய்ச்சல் உரிமை உள்ளவரும் அனுமதியில்லாமல் நுழைய முடியாது என்றால், விதி அந்த வரியை மீறுகிறது.

ஜீன் ஹட்சின்சன், ஜார்ஜினா ஸ்மித் என்ற இரண்டு முகாம் பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அங்கே மேய்க்க மாடும் இல்லை, உரிமையும் இல்லை. கீழ்க் கோர்ட்டில் தண்டனை. ரெடிங் கிரவுன் கோர்ட்டில் விடுதலை. உயர் நீதிமன்றத்தில் மறுபடி தண்டனை. விடாமல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனார்கள். 1990 ஜூலையில் தீர்ப்பு: துணைவிதிகள் செல்லாது. எத்தனையோ பெண்களை எந்த விதியை வைத்துப் பிடித்தார்களோ, அந்த விதியே சட்டவிரோதம் என்று ஆனது. இங்கிலாந்தில் நிர்வாகச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ஆகவே ஏவுகணைகள் ஏன் போயின என்பதற்கு ஒப்பந்தத்தைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மண் இன்று யார் கையில் இருக்கிறது, வேலி எங்கே போனது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலில் முகாம் இருக்கிறது.

---

பேச்சிப்பாறை எழுதியது:

நல்ல இழை. ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், ஒரு சந்தேகம். பாட்டி வீட்டில் வேலிக் கம்பி இருக்கிறது என்றீர்கள் அம்மா. கம்பியை அறுத்தால் அது அகிம்சையாகுமா? 1930இல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் சட்டத்தை மீறினார்கள், உப்பை அள்ளினார்கள். எதையும் வெட்டவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தக் கோட்டை எங்கே போடுவீர்கள்?

இன்னொன்று, பிறகு முகாம் பெண்களுக்கு மட்டும் என்று ஆனதே, ஆண்களை ஏன் போகச் சொன்னார்கள்? கார்டிஃபிலிருந்து அவர்களும்தானே நடந்துவந்தார்கள்?

---

கென்னட்கரை எழுதியது:

ஐயா, முதல் கேள்விக்கு அவர்களுக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. 1983 அக்டோபர் கடைசியில் கம்பி வெட்டும் கத்தரிகளோடு போய் மைல்கணக்கில் வேலியை அறுத்தார்கள். வேண்டாம் என்றவர்களும் முகாமில் இருந்தார்கள். பாட்டியிடம் கேட்டேன். "கம்பிக்கு வலிக்காது. உள்ளே துப்பாக்கியோடு நின்ற பையன்களுக்கு எங்களால் ஒரு கீறல் விழவில்லை, அதுதான் எங்கள் கோடு" என்றார். நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேனா என்றால், ஏறக்குறைய.

பிள்ளைகளுக்கு நான் சொல்லப் போவது 1983 புத்தாண்டு விடியல். 44 பெண்கள் ஏணி சாய்த்து, முள்கம்பிமேல் கம்பளம் போட்டு, வேலி ஏறிக் குதித்தார்கள். அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த ஏவுகணைக் கிடங்குகளின் மேடுமேல் ஏறி, கைகோத்து வட்டமாக ஆடினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். போலீஸ் ஒவ்வொருவராகத் தூக்கிக் கீழே இறக்கியது. கோர்ட்டில், இனி அமைதி காப்பேன் என்று உறுதி கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அமைதியைக் காக்கத்தான் அங்கே ஏறினோம் என்பது அவர்கள் பதில். உறுதி கொடுக்க மறுத்த 36 பேருக்கு 14 நாள் சிறை. அங்கே அவர்கள் எதையும் வெட்டவில்லை, தண்டனையிலிருந்து தப்பிக்கவும் பார்க்கவில்லை.

ஆண்கள் விஷயம்: 1982 பிப்ரவரியில் பெண்கள் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். அதில் மனவருத்தம் இருந்தது, ஆதரவாளர்களே கோபித்தார்கள். பெண்கள் மட்டும் இருந்தால் போலீஸோடு கைகலப்பு வராது என்பது ஒரு காரணம். கூட்டத்தில் ஆண்களே பேசி ஆண்களே முடிவெடுக்கும் பழக்கம் போகும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது காரணம் நன்றாகப் புரிகிறது.

---

கொக்குவில் எழுதியது:

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இலங்கையில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி 2009 ஏப்பிரல் 6 அன்று லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்தவர்களில் நானும் ஒருவன். மாணவனாக வந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து யூன் 17 வரை, 73 நாள், பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் இருந்தது. நான் இரவு வேலை முடிந்து நேரே அங்கேதான் போவேன். வயதுபோன அம்மாக்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு புல்லில் படுத்திருப்பார்கள். ஏப்பிரல் 11 ஊர்வலத்துக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒரு ஊர்வலத்துக்கும் போகாதவர்கள் தெரியுமா?

பரமேஸ்வரன் என்பவர் அங்கே 24 நாள் உண்ணாவிரதம் இருந்தார். பிறகு இரண்டு ஆங்கில நாளிதழ்கள், அவர் ஒளித்து பர்கர் சாப்பிட்டார் என்று எழுதின. அவர் வழக்குப் போட்டார். 2010இல் இரண்டும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண் நட்டஈடு கொடுத்தன. ஆனால் பர்கர் கதையைப் படித்த அத்தனை பேரும் மன்னிப்பைப் படித்தார்களா? என் வேலையிடத்தில் ஒருவர் இன்றைக்கும் பர்கர் கதையைத்தான் சொல்லுவார்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குத் தொலைபேசியில் வந்த பெயர்களை நான் எழுத மாட்டேன்.

அதே சதுக்கத்தில் எங்களுக்கு முன்பே ஒரு மனிதர் இருந்தார், பிரையன் ஹா. தச்சு வேலை செய்தவர். ஈராக் மேல் இருந்த பொருளாதாரத் தடையால் குழந்தைகள் சாகிறார்கள் என்று 2001 யூன் 2 அன்று வந்து இருந்தவர், எழும்பவே இல்லை. 2005இல் பாராளுமன்றத்தைச் சுற்றி அனுமதியில்லாமல் போராடக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் மே மாதத்தில் ஒரு இரவில் 78 பொலிஸார் வந்து அவருடைய பதாகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் இருந்தார். 2011இல் புற்றுநோயில் இறந்தார். ஈராக் போர் நின்றதா? இல்லை. எங்களுடையது நின்றதா?

அக்கா, உங்கள் பிள்ளைகளுக்குக் கிரீன்ஹாமைச் சொல்லுங்கள். நின்றால் வெல்லலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்களும் நின்றோம்.

---

பனிமரம் எழுதியது:

ரொறன்ரோவில் மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தோம். குழந்தை வண்டிகளோடு. அடுத்த நாள் வானொலியில் வந்ததெல்லாம் போக்குவரத்து நெரிசலைப் பற்றி. கொக்குவில் அண்ணா எழுதியதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

---

நாங்குநேரி எழுதியது:

கொக்குவில், உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் முதல் பதிவை மறுபடி படித்தேன். "உடைந்துபோவார்கள்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். உடைந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

அன்றிலிருந்து முகாமைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ஒரு விஷயம் என் எண்ணத்தை மாற்றியது. குரூஸ் ஏவுகணையின் யுக்தியே, நெருக்கடி வந்தால் லாரிகளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்துவிடலாம் என்பதுதான். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதற்குப் பயிற்சியாக இரவில் வண்டித் தொடர் கிளம்பி சாலிஸ்பரி சமவெளிக்குப் போகும். வாசலில் இருந்த பெண்கள் பார்த்தவுடன் தொலைபேசிக்கு ஓடுவார்கள். ஒருவர் இருவருக்கு, இருவர் நால்வருக்கு என்று செய்தி போய், சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் காரில் பின்தொடர்வார்கள். குரூஸ் வாட்ச் என்று பெயர். ரகசியமாக இருக்க வேண்டிய வண்டித்தொடர் எங்கே போனாலும் சாலையோரம் ஆள் நின்றது. ஒரு ஆயுதத்தின் ராணுவப் பயனையே ஊர்க்காரர்கள் தொலைபேசியும் தூக்கமில்லாத இரவுமாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். இதை நான் யோசித்ததே இல்லை.

எனக்கு இப்போது தோன்றுவது இது. கிரீன்ஹாம் பெண்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் பிடி இருந்தது. வேலி, வாசல், வண்டி, ஒரு பழைய சட்டத்தின் வரி. அங்கே ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் அவர்களுக்கு இடைஞ்சல். லண்டன் சதுக்கத்தில் உங்களுக்கு அப்படி எந்தப் பிடியும் இல்லை. போர் 8,700 கிலோமீட்டர் தள்ளி நடந்தது, முன்னால் இருந்த கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பீரங்கியை இயக்கியவர்கள் இல்லை. நீங்கள் குறைவாக நின்றதால் அது நிற்காமல் போகவில்லை.

---

புதன்மாலை எழுதியது:

நான் ஏழு வருஷமாக ஒரு இடத்தில் நிற்கிறவள், அதனால் சொல்கிறேன். லண்டனில் டிராபல்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் எடித் கேவல் சிலை இருக்கிறது. முதல் உலகப் போரில் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் சிகிச்சை செய்த நர்ஸ். நேச நாட்டுச் சிப்பாய்கள் தப்பிக்க உதவினார் என்று 1915இல் பிரஸல்ஸில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். நாட்டுப்பற்று மட்டும் போதாது என்ற அவர் சொல் சிலையின் அடியில் இருக்கிறது. அங்கே புதன்கிழமை மாலை 6 மணியிலிருந்து 7 வரை கறுப்பு உடையில் பேசாமல் நிற்போம். கறுப்புடைப் பெண்கள் என்ற அமைப்பு.

இது தொடங்கியது ஜெருசலேமில், 1988 ஜனவரியில். இஸ்ரேலியப் பெண்கள் சிலர் ஆக்கிரமிப்பை நிறுத்து என்று எழுதிய அட்டையோடு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு நாற்சந்தியில் நின்றார்கள். காரில் போகிறவர்கள் துப்புவார்கள், வாயில் வந்ததைச் சொல்வார்கள். 1991 அக்டோபரில் செர்பியாவின் பெல்கிரேடில் தொடங்கினார்கள். அது இன்னும் கடினம், ஏனென்றால் சொந்த நாட்டுப் படை செய்வதைச் சொந்த ஊர் நடுவில் நின்று வேண்டாம் என்றார்கள். துரோகி என்ற பட்டத்தோடு வாராவாரம் நின்றார்கள்.

எங்கள் பக்கம் யாரும் துப்புவதில்லை. பெரும்பாலும் பார்க்காமல் போவார்கள். மழை நாளில் நான்கு பேர்தான் இருப்போம். எங்களால் எந்தப் போரும் நின்றதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் போலீஸ் கணக்குப்படியே 7,50,000 பேர் ஈராக் போருக்கு எதிராக நடந்தார்கள். ஐந்து வாரத்தில் போர் தொடங்கியது. மறு வாரமே பலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள், நானும்தான். பத்து வருஷம் கழித்து, 2013 ஆகஸ்டில் சிரியாவைத் தாக்குவதா என்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வந்தபோது 285க்கு 272 என்று தோற்றது. அந்த 13 ஓட்டுக்குப் பின்னால் 2003இன் நினைவு இருந்தது என்று நான் நம்புகிறேன். அந்த நினைவை நடுவில் பத்து வருஷம் ஆறவிடாமல் வைத்திருந்தது யார்? ஹா மாதிரி ஆட்கள்தான். அவரைத் தாண்டாமல் எம்.பி.க்கள் வேலைக்குப் போக முடியாது.

ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம்: வாரத்தில் ஒரே நாள், ஒரே இடம், ஒரு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். அட்டையில் ஆறு சொல்லுக்குமேல் எழுதினால் பஸ்ஸில் போகிறவர் படித்து முடிக்க முடியாது. துண்டறிக்கை கொடுப்பவர் ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது முக்கியம். சண்டைக்கு வருகிறவரிடமும் அவரே பேசட்டும். பிளாஸ்க் எடுத்துப் போங்கள்.

---

பேச்சிப்பாறை எழுதியது:

நாங்குநேரி சொன்ன பிடி என்ற விஷயத்துக்கு லைபீரியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி 2003இல் தலைநகர் மன்ரோவியாவில் லேமா போவீ என்ற பெண்மணியும் கூட்டாளிகளும், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக, மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெள்ளை உடையில் தினமும் உட்கார்ந்தார்கள். அந்த மைதானத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், ஜனாதிபதி சார்லஸ் டெய்லரின் கார் வரிசை அந்த வழியாகப் போகும். ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்தித்தே ஆகவேண்டியதாயிற்று.

ஜூனில் கானா நாட்டின் அக்ராவில் பேச்சுவார்த்தை. வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஊரில் குண்டு விழுகிறது, இவர்கள் ஓட்டலில் பதவி பங்குபோட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஜூலையில் இந்தப் பெண்கள் போய் மண்டபத்தின் கதவை மறித்து, கைகோத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் வரும்வரை யாரும் வெளியே வர முடியாது. காவலர்கள் கைது செய்ய வந்தபோது, ஆடையைக் களைவேன் என்று போவீ எழுந்தார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்தால் பார்த்தவனுக்குச் சாபம் என்பது அங்குள்ள நம்பிக்கை. நடுவராக இருந்த நைஜீரியாவின் அபூபக்கர் அவர்களோடு பேசினார். ஆகஸ்ட் 18 அன்று கையெழுத்தானது.

கலகப் படை தலைநகருக்குள் வந்துவிட்டது, மேற்கு ஆப்பிரிக்க அமைதிப் படை வந்தது, டெய்லர் நாட்டைவிட்டுப் போனார், இதெல்லாமும் காரணம். பெண்கள் மட்டுமே நிறுத்தினார்கள் என்றால் அது பாதிக் கதை. ஆனால் கதவில் உட்கார்ந்தவர்களை விட்டுவிட்டுச் சொன்னால் அதுவும் பாதிக் கதைதான். எத்தனையோ வரலாற்றுப் பாடப் புத்தகங்களில் இந்த இரண்டாவது பாதிக் கதையை 31 வருஷம் நானே நடத்தியிருக்கிறேன்.

---

கொக்குவில் எழுதியது:

நாங்குநேரி அண்ணா, மன்னிப்பு ஒன்றும் தேவையில்லை. "குறைவாக நின்றதால் இல்லை" என்று எழுதினீர்களே, அதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

புதன்மாலை அக்கா எழுதிய நினைவு என்ற விஷயம் யோசிக்க வைத்தது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குத்தான் போகிறாள். அந்தச் சதுக்கத்துக்கு முன்னால் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறோம். இந்தப் புல்லில்தான் அப்பா படுத்திருந்தேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கதைக்கத் தொடங்கினால் மே மாதத்தில் போய் நிற்கும், அதனால் தொடங்குவதே இல்லை.

கென்னட்கரை அக்கா, பாடக் குறிப்பு எழுதி முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புவீர்களா?

---

வழக்குக்கட்டு எழுதியது:

கொக்குவில் அண்ணா, ஒன்று மட்டும். அந்த 73 நாள் பற்றித் தேதிவாரியாக நீங்களே எழுதி வையுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், பொலிஸ் எந்த நாளில் என்ன சொன்னது, என்ன சாப்பிட்டீர்கள், எல்லாம். கிரீன்ஹாம் பெண்கள் கடிதம், துண்டறிக்கை, சிறைக் குறிப்பு என்று எதையும் எறியாமல் வைத்தார்கள். அதனால்தான் நாற்பது வருஷம் கழித்து நாம் இங்கே உட்கார்ந்து மணி நேரக் கணக்கோடு பேசுகிறோம்.

---

கென்னட்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வகுப்பறையில் சொல்லவில்லை, அங்கேயே கூட்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். பாதை இப்படி:

பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் தொடங்குவோம். இப்போது அது மக்கள் போய்ப் பார்க்கும் இடம். அங்கிருந்து ஓடுபாதை இருந்த இடத்துக்கு நடப்போம். கான்கிரீட்டை உடைத்து நியூபரி புறவழிச் சாலைக்குப் போட்டார்கள், இப்போது அங்கே புதரும் புல்லும்தான். 2000இல் வேலியை எடுத்துக் காமனை ஊருக்குத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே மாடு மேய்கிறது. வழக்குக்கட்டு சொன்ன மேய்ச்சல் உரிமையை நான் அந்த மாடுகளுக்கு முன்னால் நின்று சொல்வேன். பிறகு தள்ளி நின்று கிடங்கு மேடுகளைப் பார்ப்போம். ஆறு மேடு, புல் மூடி, இன்னும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னம்.

கடைசியாக மஞ்சள் வாசல் இருந்த இடத்துத் தோட்டம். அங்கே ஹெலன் தாமஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேல்ஸ் பெண், 22 வயது. 1989 ஆகஸ்ட் 1 அன்று கிரீன்ஹாமிலிருந்து முதல் ஏவுகணைகள் கிளம்பின. ஆகஸ்ட் 5 அன்று வாசலுக்கு முன்னால் போலீஸ் குதிரை ஏற்றும் வண்டி மோதி அவர் இறந்தார். நான்கே நாள் இடைவெளி. இதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் விடப் போவதில்லை.

யார் அனுப்பியது என்று கேட்டால், ஒப்பந்தத் தேதிகளை நாங்குநேரி எழுதிய வரிசையில் ஒரு அட்டையில் தருவேன், முகாமின் தேதிகளை இன்னொரு அட்டையில். இரண்டையும் பக்கத்தில் வைத்து அவர்களே பேசட்டும். எதிர்வீட்டுத் தாத்தாவையும் பாட்டியையும் கூப்பிட்டிருக்கிறேன். தாத்தா வருவதாகச் சொல்லிவிட்டார், பாட்டிக்கு முட்டி வலி, பார்க்கலாம். ஐயா சொன்ன லைபீரியாவை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

கொக்குவில் தம்பி, குறிப்பை அனுப்புகிறேன். ஆனால் நீங்களே வந்தால் நன்றாக இருக்கும். பேச வேண்டாம், கூட நடந்தால் போதும். அடுத்த மாதம் இரண்டாம் சனி, காலை 10 மணி, கோபுரத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டு. சேறாக இருக்கும், பழைய காலணி போட்டு வாருங்கள்.

---

கொக்குவில் எழுதியது:

இரண்டாம் சனி எனக்கு வேலை இல்லை. வருகிறேன். மகளையும் கேட்டேன். ஏன் அவ்வளவு தூரம் என்றாள். காரில் போகும்போது சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.